மேற்படி நாய்

ஒரு மலையாம். மலைமேல் முப்பது வீட்டு ஊராம். ஊருக்குள் ஒரே ஒரு நாயாம், நாய்க்கு உடம்பெல்லாம் முடியாம். இதில் சர்க்காருக்கு என்ன கவலை என்று கேட்கிறவர்கள் சர்க்காரோடு பழகாதவர்கள்.

அப்போது பெல்பாட்டம் காலம். கீழே ஓர் அலுவலகத்தில் ஒரு பெரிய அதிகாரியின் காப்பியில் முடி கிடந்தது. அதிகாரிக்கு முடி கொட்டுகிறது என்று சொல்ல அங்கே யாருக்கும் துணிவில்லை. ஆகவே அது நாய்முடி என்று தீர்மானமாயிற்று. ஆகவே 'உரோமமிலா இல்லத் திட்டம்' பிறந்தது. எல்லா வீடுகளும் சோதிக்கப்படும். வீட்டுக்குள் மூன்று உரோமங்களுக்கு மேல் காணப்பட்டால் மேற்படி பிராணி கைப்பற்றப்பட்டு அடிவாரத்து ஒடுகத்தூருக்கு இறக்கப்படும். இறக்கியபின் அதை என்ன செய்வது என்பதில் மட்டும் சுற்றறிக்கை மௌனம் சாதித்தது.

வெள்ளையம்மாள் தனிக்கட்டை. அவளுக்கு இருந்தது ஒரு வீடு, காட்டை ஒட்டி ஒரு துண்டு சாமைக்கொல்லை, அதைக் காக்கச் சடையன் என்கிற அந்த நாய். காட்டுப்பன்றி இறங்குவது அவள் கொல்லை வழியாகத்தான். ஆக, ஊர்ச் சாமை முழுவதையும் சடையன்தான் காத்தான். ஊர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சோதனை என்று தண்டோரா போட்ட நாள் முதல் அவள் பெருக்கினாள். துடைப்பம் பட்டால் முடி எழுந்து பறந்தது. துடைப்பத்தை வைத்தால் இறங்கி உட்கார்ந்தது. சாணி போட்டு மெழுகினாள். முடி சாணியோடு காய்ந்து, தரைக்கே முடி முளைத்தாற்போல் ஆயிற்று. சுரண்டிவிட்டு மறுபடி மெழுகினாள். சடையனை வேலிக்கு வெளியே கட்டி ஒரு கூடை முடி வாரி எடுத்தாள். அவிழ்த்துவிட்டதும் அவன் நேரே நடுவீட்டுக்கு வந்து நின்று ஓர் உதறு உதறினான்.

"இன்னாடா, உன் ஒடம்புல முடியா வெளையுது? சாமை இப்பிடி வெளைஞ்சா நான் ஏன்டா உன்னாண்ட கெஞ்சறேன்?"

பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணு வேலிக்கு மேல் தலையை நீட்டினான்.

"இன்னா வெள்ளையம்மா, நாயை வழியனுப்பத் தலை வாரி வுடறியா? என் வூட்ல நாயும் இல்ல, பூனையும் இல்ல. சோதனைன்னா நான் கால்மேல கால் போட்டு உக்காருவேன்."

"உக்காருண்ணா. பன்னி வந்தா அப்பிடியே உக்காந்துரு."

சோதனை நாளும் வந்தது. இல்லத் தூய்மை மேற்பார்வையாளர் சிங்காரம் வந்தார். கிருதா தாடையைத் தொட்டது. டெரிலின் பெல்பாட்டத்தின் வாய் முறம் அகலத்துக்கு விரிந்து, வழியெல்லாம் பெருக்கிக்கொண்டே வந்தது. பின்னால் பதிவேட்டோடு பியூன் காசி.

சிங்காரம் முதலில் வெள்ளையம்மாள் வீட்டுக்குள் நுழைந்து, பூதக்கண்ணாடியோடு மூலை முடுக்கெல்லாம் நடந்தார். நடக்க நடக்க டெரிலின் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தது. மிச்சமிருந்த முடியெல்லாம் இடமாற்ற உத்தரவு கிடைத்தாற்போலக் கிளம்பிப் போய்ப் பேண்ட்டில் ஒட்டிக்கொண்டது.

"எழுது காசி. உரோமம் பூஜ்யம்."

"சார், முட்டி வரைக்கும் நீங்களே நாயா கீறீங்க சார்."

சிங்காரம் குனிந்து பார்த்தார். "சுற்றறிக்கையில வீட்டுக்குள்ளன்னு இருக்கா, பேண்ட்டுலன்னு இருக்கா?"

"வீட்டுக்குள்ளன்னுதான் சார்."

"பேண்ட் வீடா?"

"அகலத்தைப் பாத்தா ஒரு குடும்பம் இருக்கலாம் சார். ஆனா வீடு இல்ல."

"அப்போ பூஜ்யம்."

வெள்ளையம்மாளுக்கு உயிர் வந்தது. "சார், இந்தப் பேண்ட்டை மாசத்துக்கு ஒருவாட்டி குடுத்தனுப்புங்க சார். வூடு பெருக்கிட்டுத் தந்துடறேன்."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்ட சிங்காரம், "மெட்ராஸ் தையல்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ராஜாக்கண்ணு சொன்னபடியே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சிங்காரம் இரண்டு சுற்று வந்தார். பேண்ட் உதிர்த்தது. பூதக்கண்ணாடி பதினொரு முடி கண்டுபிடித்தது.

"நாயே இல்லாத வூட்ல நாய்முடி எப்பிடி சார் வரும்?"

"அதைத்தான்யா நான் கேக்கறேன். முடி இருக்கு, நாய் எங்க?"

"நாய் இல்லீங்க."

"முடி மட்டும் வளக்கிறியா? எழுது காசி. நாயை ஒளித்து வைத்தல்."

பொழுது சாய்வதற்குள் இருபத்தொன்பது வீடுகளில் இருபத்தொன்பது நாய்கள் ஒளிந்திருப்பது நிரூபணமாயிற்று. நாய் இருந்த வீடு ஒன்றுதான் தேர்ச்சி.

ஊருக்கு வயிறு எரிந்தது. 'எல்லாம் அவள் நாயால் வந்தது, அதைக் கொண்டுபோங்கள்' என்று ஒரு மனு. முதல் கைநாட்டு ராஜாக்கண்ணு.

கீழே அலுவலகத்தில் பதிவேட்டை ஒரு வாரம் ஆழ்ந்து பரிசீலித்தார்கள். நாய் உள்ள வீட்டில் முடி இல்லை. நாய் இல்லாத வீட்டிலெல்லாம் முடி இருக்கிறது. எனவே மேற்படி நாய் முடியை ஈர்த்து ஒழிக்கும் தன்மையுடையது. அதை மாதிரிப் பிராணியாகத் தலைமை அலுவலகத்தில் வைத்துச் செயல்விளக்கம் தருவது பொதுநலனுக்கு உகந்தது. மனு போட்ட ஊராருக்குப் பொதுமன்னிப்பும் பாராட்டும்.

சிங்காரம் மறுபடி மலையேறினார். ஊர் கூடியது. நாய்க்குச் சாமந்தி மாலை; வெள்ளையம்மாளுக்கு நற்சான்றிதழ்.

அவள் அதைக் கையில் வாங்கவில்லை. "சார், தோத்தா இன்னா பண்ணுவோம்னு சொன்னீங்க?"

"நாயைக் கொண்டுபோவோம்."

"ஜெயிச்சா?"

"மரியாதையோட கொண்டுபோவோம்."

"கொல்லையில பன்னி எறங்கினா யாரு சார் கொரைக்கிறது?"

சிங்காரம் படிவத்தைப் புரட்டினார். 'மாற்று ஏற்பாடு' என்று ஒரு காலி இடம் இருந்தது. "இந்த நாய் யாருக்கெல்லாம் காவல்?"

கூட்டம் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. "ஊருக்கே காவல் சார்" என்றாள் வெள்ளையம்மாள்.

அவர் எழுதி, உரக்கப் படித்தார்: "மேற்படி நாய் திரும்பும்வரை மேற்படி குரைத்தலை ஊரார் முறைவைத்து நிறைவேற்றுவார்கள். கைநாட்டுகள், இணைக்கப்பட்ட மனுவில் காண்க."

மாலையோடு சடையன் இறங்கிப் போனான். வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். சிங்காரமும் காசியும் மறைந்தார்கள். ஊராரும் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். வெள்ளையம்மாள் வாசலில் கிடந்த ஒரு கொத்து முடியைப் பார்த்துத் துடைப்பத்தை எடுத்தாள். பெருக்காமலே திரும்ப வைத்தாள்.

ராஜாக்கண்ணு மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"வெயில் எறங்குதுண்ணா" என்றாள் அவள். "மனுவுல மொதல் கைநாட்டு உன்னுது. மொதல் முறையும் உன்னுது."

"எவ்ளோ நேரம் கொரைக்கணும்?"

"அவன் விடியற வரைக்கும் கொரைப்பான்."

ராஜாக்கண்ணு தொண்டையைச் செருமினான். ஒருமுறை மெதுவாகக் குரைத்துப் பார்த்துக்கொண்டான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைமேட்டைப் பார்த்து நடந்தான்.