சூப்பில் விழுந்த 631

இரண்டு ஸ்பூன் பொடியைச் சூப்பில் போட்டுக் கலக்கிய பிறகுதான் கண்ணாடிக் கடைக்காரர் டப்பாவின் லேபிளைப் படித்தார்.

அடுத்தவர் வாங்கியது என்றால் முதலிலேயே படித்துவிடுவார். யார் பிஸ்கட்டைப் பிரித்தாலும் உறையைப் பிடுங்கி, "இதுல என்னென்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டு, அவர்களை விழுங்கவும் விடாமல் துப்பவும் விடாமல் செய்வதில் கெட்டிக்காரர். சொந்தக்காரர்கள் வைத்த பெயர் லேபிள் மாமா. அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

டப்பாவின் ஓரத்தில், எறும்புக் கண்ணுக்கு மட்டும் தெரிகிற எழுத்தில், 'சுவையூட்டி 631' என்று இருந்தது.

கைபேசியில் தேடினார். மாவிலிருந்தும் எடுப்பார்களாம், மீனிலிருந்தும் எடுப்பார்களாம், பன்றியிலிருந்தும் எடுக்கலாமாம். தயாரித்தவர்களையே கேட்பது நல்லது என்று முடித்திருந்தார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது.

மகளைப் பெண் கேட்டவர்கள் இன்று முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. சம்பந்தியோ, ஒரு விருந்தில் ஜெல்லி ஹலாலா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை என்பதற்காகக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவர்.

தையல் கடைக்குக் கிளம்பிய மனைவி சொன்னது கொஞ்சம்தான். "அடுப்பப் பாத்துக்கங்க. மஞ்ச டப்பாவுல இருக்கற பொடியப் போடுங்க. வேற எதுவும் செய்ய வேணாம்." அவள் கைபேசி மேஜைமேலேயே கிடந்தது.

டப்பாவிலிருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க பொடியில இருக்கற 631 ஹலாலா, அம்மா?"

"டப்பாவுக்கு அடியில ஒரு நம்பர் இருக்கும் சார். அதப் படிங்க."

கவிழ்த்துப் படித்தார். மூடியைப் போடவில்லை என்பது, மிச்சப் பொடி மொத்தமும் சூப்பில் விழுந்த பிறகு தெரிந்தது.

"சார், இந்த நம்பர்ல வந்த பொடிய நாங்க நிறுத்தியே ரொம்ப வருஷம் ஆச்சு. இன்னுமா வச்சிருக்கீங்க?"

சந்தேகத்தோடு இப்போது பழசும் சேர்ந்துகொண்டது. சூப்பைப் பாத்திரத்தோடு தூக்கி, கழுவும் தொட்டியில் கொட்டினார். காய்த்துண்டுகள் குழாயை அடைத்துக்கொண்டன. தொட்டி நிரம்பி, சூப்பு அவர் காலில் வழிந்தது. ஒரு கையால் தரையைத் துடைத்தபடி மறுகையால் புதிதாகத் தண்ணீர் வைத்தார். அதில் காயும் உப்பும் மிளகும் தவிர வேறு எதையும் சேர்க்கவில்லை. உப்புப் பாக்கெட்டைக்கூட இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் பிரித்தார்.

வாசலில் விருந்தாளிகளைப் பார்த்து, அவர்களோடேயே மனைவியும் உள்ளே வந்தாள். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சம்பந்தி ஒரு வாய் குடித்தார்.

"சூப்பு எப்ப வரும்?"

மனைவி கண்ணாடிக் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "பொடி போட்டீங்கதானே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் பிழைத்திருப்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம்தான் அவருக்கு இல்லையே.

"போட்டேன். லேபிளப் படிச்சேன். மொத்தத்தையும் கொட்டிட்டேன். எதுலேர்ந்து எடுத்ததுன்னே தெரியாத சரக்கு. அதெல்லாம் வீட்டுக்குள்ள விடறவங்க என்ன மாதிரி ஜனங்களோ."

மனைவி மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தாள். இன்னும் விவரமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மஞ்சள் டப்பாவைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியின் முகம் மட்டும் மலர்ந்தது. "இப்படி ஒரு குடும்பத்தத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கல்யாணத் தேதியைக்கூட இப்போதே பேசிவிடலாம் போலிருந்தது.

வந்ததிலிருந்து வாயே திறக்காத சம்பந்தி அம்மா, டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன வாரம் என் கையால அரைச்ச பொடிய எங்க வீட்டுப் பழைய டப்பாவுல போட்டுக் குடுத்து விட்டேன். நல்லவேளை, டப்பாவையாவது கொட்டாம வச்சிருக்கீங்க."