நான் பிளக் மாட்டிய கல்யாணக் கார்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் கிளாஸோடு நின்றவள். மறதி வேறே. ஆனால் என் தம்பியை யாரோ ஒரு வீட்டு மணவறையில் உட்காரவைத்த காலைப்பொழுது மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

திருவிதாங்கூர் ராஜா காலம். எங்கள் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். எங்கள் ஊரான கொட்டாரத்திலிருந்து தம்பியை அதில்தான் சுசீந்திரத்துப் பெண்வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முகூர்த்தம் தப்பக்கூடாது. தாலியில் மூன்றாம் முடிச்சு போடுகிறவளும் நான்தான்.

காலையில் கார் இருமியது. எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற நாலு பிளக்கும் கரிச்சட்டி. புதிதாக இரண்டு தினுசு வாங்கி வைத்திருந்தார். ஆனால் கையால் சுற்றிக் காரைக் கிளப்புகிற கம்பி திருப்பியடித்து, அவர் பெருவிரல் கத்தரிக்காயாக வீங்கிவிட்டது.

"ஏட்டி, நீ மாட்டு. நான் சொல்லித்தாறேன்."

முருங்கைக்காய் பொறுக்குகிற பழக்கத்தில் நீளமானதை எடுத்தேன்.

"கொழம்பு வைக்கவா போற? பழையதுக்க பக்கத்தில வச்சுப் பாரு. மரை நீளம் ஒண்ணுபோல இருக்கணும். கூடினா உள்ள போய் இடிக்கும், கேட்டியா?"

பழையதைப் போலவே இருந்த குட்டையான நாலையும் கையால் திருகி, ஸ்பானரால் இறுக்கினேன். அவர் வேட்டி மாற்றப் போனார். வயர்களை மாட்டும்போது, முன்பு அவை ஒன்றையொன்று குறுக்கே தாண்டிக் கிடந்தது நினைவு வந்தது. கல்யாண வண்டியில் இந்த அலங்கோலமா? முதல் பிளக்குக்கு முதல் வயர், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று, சடை வாரினதுபோல் வரிசையாக மாட்டினேன். (என்ன அழகு!)

கார் நொண்டிக்கொண்டே கிளம்பியது. டமார்!

"புது பிளக்கு. போகப்போகப் பழகிரும்" என்றார்.

டமார்! டமார்! வழியில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு எதிரே கார் படுத்துவிட்டது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வந்து இறங்கினால் கதினா வெடி போடுவார்கள். வெடி கேட்டதும் உள்ளே மேளம், குரவை. ஒருவன் ஓடிவந்து தம்பியைக் காரிலிருந்து இறக்கி, காலைக் கழுவி, மாலையும் போட்டுவிட்டான்.

பெண்ணையும் பார்க்காத, பெண்வீட்டையும் பார்க்காத தம்பி, "இவ்வளவு பக்கமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனான். அந்நியர் முன்னால் எனக்கு வாய் வராது. வீட்டுக்காரர் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பிய கொண்டு போறாங்க!"

"போகட்டும், காப்பி குடிக்கட்டும்." தலை பானெட்டுக்குள் இருந்தது.

உள்ளே ஓடினேன். தம்பி மணவறையில் அடக்கமாக இருக்கிறான். ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு மீசை உண்டுமே. எப்பம் வழிச்சீரு?"

அதே நேரம் வாசலில் வில்வண்டி. மீசையோடு ஒருவர் இறங்கினார்.

"அக்கா, இவரு யாரு?" என்றான் தம்பி.

பிறந்து அன்றைக்குத்தான் சபையில் கத்தினேன். "அது எனக்க தம்பியாக்கும்! விடுங்க!"

பந்தலே சிரித்தது. அவன் கழுத்து மாலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வீட்டுக்காரர் வயர்களைப் பிடித்துக்கொண்டு, "எந்த மகராசி இத வரிசையா மாட்டினா?" என்று கேட்டார். பிளக் நிற்கிற வரிசை வேறு, தீ வருகிற முறை வேறாம்; அதனால்தான் அத்தனை வெடியும். இரண்டை மறுபடி குறுக்கே மாற்றினார். பாழாய்ப்போன அந்தச் சவத்துக் கார் வெண்ணெயாக ஓடியது.

முகூர்த்தம் முடியப்போகிற சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். மூன்றாம் முடிச்சு போட்டேன். பெண்ணின் பிடரியில் என் ஐந்து விரலும் கறுப்பாக விழுந்தது.

இன்றைக்கும் தம்பி வீடு திரும்ப நேரமானால் அவன் பெண்டாட்டி அலட்டிக்கொள்வதில்லை. "அந்தப் பந்தல்ல உள்ள மூத்த பெண்டாட்டி வீட்டுக்குப் போயிருப்பாரு" என்பாள்.

எந்த வயர் எதைத் தாண்டும் என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. கார் வேலை தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். என்னை நம்பி மட்டும் மாட்டிவிடாதீர்கள்.