தீக்குச்சி அக்காவும் என் சுத்தக் கம்பளியும்

ஓசூரில் பனி நடுங்கவைத்த ஆட்களைவிடத் தீக்குச்சி அக்கா நடுங்கவைத்த ஆட்கள் அதிகம். என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் எங்கள் லேஅவுட்டில் பென்ஷன்காரர்களுக்குக்கூட அவர் அக்கா. எங்கள் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். பகலெல்லாம் இரும்பை ரிஜெக்ட் செய்தது போதாமல், வீட்டுக்கு வந்து மனிதர்களின் ஸ்வெட்டர்களை ரிஜெக்ட் செய்வார்.

பழைய கம்பளி ஸ்வெட்டர்களை வெந்நீரில் போட்டுச் சுருக்கி, வெட்டி, கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். பணம் வாங்கமாட்டார், மானத்தை வாங்கிவிடுவார். கொடுத்தவர் எதிரிலேயே ஓர் இழையை உருவித் தீக்குச்சி கிழிப்பார். முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகி உருண்டையானால் தீர்ந்தது.

"பிளாஸ்டிக் பக்கெட்டு உருகற மாதிரி உருகுதுங்க. இத்தப் போயி பச்சப்புள்ளைக்குப் போடச் சொல்றீங்களா?"

இப்படித்தான் பக்கத்துத் தெரு மேனேஜரின் 'ஆஸ்திரேலியா கம்பளி' உருகியது. மறுநாளிலிருந்து அவர் வேறு ஸ்டாப்பில் பஸ் ஏறினார்.

என்னிடமும் ஒரு நீல ஸ்வெட்டர் இருந்தது. மைத்துனர் காஷ்மீரிலிருந்து கொண்டுவந்தது. அவர் காஷ்மீர் போனது உண்மை. ஸ்வெட்டரும் கூடப் போனதா என்று நான் விசாரித்ததில்லை.

பேத்தி பிறந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. பேர் வைக்கும் நாளில் என் சுத்தக் காஷ்மீர்க் கம்பளியில் தைத்த சட்டைதான் குழந்தைக்கு என்று சம்பந்தியிடம் போனில் அளந்துவிட்டேன். அவர் காவேரிப்பட்டினத்து மாங்காய் மண்டிக்காரர். எதையும் அமுக்கிப் பார்க்காமல் நம்பாதவர். வேறு வழியின்றி நீல ஸ்வெட்டரோடு அக்காவிடம் போனேன்.

அக்கா தீப்பெட்டியை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

"விடுங்க சார். பார்த்தாலே தெரியுது."

என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. நாலு புத்தகம் படித்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

விழாவன்று பேத்தி பழுப்புச் சட்டையில் ஜொலித்தாள். நெஞ்சில் மட்டும் ஒரு நீலப் பாக்கெட். கைக்குழந்தை அதில் என்ன வைக்கப்போகிறதோ?

சம்பந்தி துணியை அமுக்கினார். "இப்பல்லாம் எல்லாமே டூப்புதானுங்களே."

அக்கா சட்டையின் உள்தையலில் ஓர் இழையை உருவிக்கொண்டு தள்ளிப்போய்க் குச்சி கிழித்தார். நான் பின்வாசல் எங்கே என்று பார்த்தேன். கேசரி வாசனையை மீறி முடி கருகும் நாற்றம் ஹாலை நிறைத்தது. சம்பந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

"சார் ஸ்வெட்டருங்க. வேற எப்படி இருக்கும்?" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

அவரைத் தனியே பிடித்தேன். "அக்கா, என்னுது நீலமாச்சே."

"அதான் மேலுக்குப் பாக்கெட்டு வெச்சிருக்கேனுங்களே. கம்முனு இருங்க."

மறுவாரம் விடிகாலைப் பனியில் கம்பெனி பஸ்ஸுக்குப் போனால், அக்கா தலையோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு மார்கழியிலும் அவர் போட்டுவந்த பழுப்பு ஸ்வெட்டரைக் காணோம்.

என் புது ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினேன்.

"இதுவும் காஷ்மீருங்களா?"

"இல்லக்கா. பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரம்."

தீப்பெட்டியைத் தேடாமல் வாங்கி மாட்டிக்கொண்டார்.

பஸ் வரும்வரை நடுங்கிக்கொண்டே நின்றேன். அக்காவால் எத்தனையோ முறை நடுங்கியிருக்கிறேன். இவ்வளவு சுகமாக நடுங்கியதில்லை.