நான் நடத்திவைத்த சமாதானக் கூட்டம்

நாலு பேரை ஒற்றுமைப்படுத்தக் கிளம்புகிறவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது. என்னை யாரும் பூட்டவில்லை.

ஹெப்பகோடியில் எங்கள் அடுக்ககத்துக்கு இரண்டு பிளாக், ஒரே போர்வெல். அந்தக் கோடையில் அது வற்றிவிட்டது. புதிதாகத் தோண்ட இரண்டு பிளாக்கும் சம்மதிக்க வேண்டும். ஏ பிளாக் தலைவர் நாகராஜும் பி பிளாக் தலைவர் செல்வராஜும் தேர்தலில் ஆளுக்கொரு கட்சிக்கு வேலை பார்த்தவர்கள். முடிவு வந்த நாளிலிருந்து பேச்சே கிடையாது. போர்வெல் தன் பக்கம்தான் வேண்டும் என்று இருவரும் பிடிவாதம். என் பிள்ளைகள் அரை பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பு. சண்டைக்காரர்கள் இடம் மாறி, எதிராளியாகவே பேசிப் பார்த்தால் புரிதல் பிறக்குமாம். (அங்கே பிறந்தது. காரணம், அப்ரைசல் பயம்.)

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் நாற்காலி போட்டு மைக்கைப் பிடித்தேன். "நாகராஜ் சார், இப்ப நீங்கதான் செல்வராஜ். உங்க நியாயத்தைச் சொல்லுங்க."

நாகராஜ் எழுந்து, செல்வராஜ் மாதிரியே தொண்டையைச் செருமினார். "எங்க கட்சித் தலைவர் வந்தாப் போதும், தண்ணி தானா வரும். எனக்கு ஒண்ணும் தெரியாது, மைக்கை மட்டும் குடுங்க." ஏ பிளாக் கைதட்டியது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அடுத்து செல்வராஜ். "நான் நாகராஜ். என்னைக் கேக்காம மழைகூடப் பெய்யக் கூடாது. பெய்ஞ்சா ஏ பிளாக்ல மட்டும் பெய்யணும்." பி பிளாக் விசிலடித்தது.

பிறகு நாற்காலிகள் இடம் மாறின. (பறந்து.)

"இன்னா சார், அசிங்கப்படுத்தத்தான் கூப்பிட்டீங்களா?" என்று செல்வராஜ் என் மைக்கைப் பிடுங்கினார்.

"ஹௌது, நானும் அதான் கேக்கறேன்" என்று கன்னடம் கலந்து ஆமோதித்தார் நாகராஜ். அந்த வருடம் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

போர்வெல் வரவில்லை. வளாகத்தின் நடுவில் சுவர் வந்தது. இப்போது ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு டேங்கர். டேங்கர் வராத நாளில் சுவருக்கு இரண்டு பக்கமும் குடத்தோடு நிற்கிறோம். ஒரு குழி தோண்டவே எங்களால் சேர முடியவில்லை. இந்த லட்சணத்தில் நாடு எதற்குச் சேரப்போகிறது?

வீட்டில் பிள்ளைகள் ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டால் நான் விலக்கிவிட எழுந்திருப்பேன். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "சீக்கிரம் சமாதானமாகுங்க, அப்பா வர்றாரு. ஹால் நடுவுல சுவர் வந்துடும்."

நான் போய்ச் சேர்வதற்குள் இருவரும் தோள்மேல் கை போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.