ஜமேக்கா அண்ணனின் எதிர்க்கடை

தன் கடைக்கு எதிரே தானே போட்டிக் கடை வைத்துக் கொடுத்த வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொச்சிக்காய் சோஸ், அதாவது மிளகாய் சோஸ், விற்கிறார்.

கப்பலில் சமையல்காரராகக் கரீபியன் கடல் பக்கம் பல வருடம் சுற்றியவர். மழை வந்தாலும் சரி, பஸ் வராவிட்டாலும் சரி, "ஜமேக்காவுல எப்புடி தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். ஊருக்கே அவர் ஜமேக்கா அண்ணன்.

அங்கே அவரை மலைக்க வைத்தது ஒரு சோஸ் கம்பனி.

"நம்ம ஊரு நை மிரிஸ் மாதிரியே உச்சி வரைக்கும் ஒறைக்கிற ஒரு கொச்சிக்காய்ங்க. கம்பனி அத அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டதான் வாங்கும். சோஸ் காய்ச்சவும் கத்துக் குடுக்கும். நல்லா வந்துட்டா, 'நீயே தனியா போடு'ன்னு அடுப்பும் போத்தலும் குடுத்து அனுப்பும். ஸ்கூல் கூரைகூட அவங்க போட்டதுதான்."

"அப்ப கம்பனிக்கு நட்டம் வராதா?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தாங்க கேட்டேன். சிரிச்சாங்க. ஏன்னு வெளங்கல. செஞ்சு பாத்துருவோம்னுதான் கடை போட்டேன்."

செய்தும் பார்த்தார். ஹட்டன் சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும் காயை விட்டுவிட்டு, தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சட்டியில் ஒற்றைச் செடி வைத்திருந்தவர்களிடம் கைப்பிடி காய்க்காக மலை ஏறினார். முதல் நாள் காய்ச்சியபோது எழுந்த நெடியில் பஸ் ஸ்டாண்டே இருமியது. ஒரு டிரைவர் ஆட்களை ஏற்றாமலே பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

கூட வேலை செய்த செல்வமணியின் கை சீக்கிரமே அண்ணன் கையை மிஞ்சியது. உடனே எதிரே இருந்த அறையை வாடகைக்குப் பிடித்து, தன் பெரிய அடுப்பையும் போத்தல்களையும் கொடுத்து அவளைக் கடை வைக்கச் சொன்னார்.

அண்ணி கொதித்தார். "அடுப்பு போச்சு, போத்தல் போச்சு. நானும் அங்கயே வேலைக்குப் போயிரவா?"

ஒருநாள் நுவரெலியாவிலிருந்து ஓட்டல் மனேஜர் ஒருவர் வந்தார். அண்ணனின் சோஸைத் தொட்டு நாக்கில் வைத்துத் தலையாட்டினார். ஓடர் வாயில் வரும் நேரத்தில் அண்ணன் சொன்னார்: "எதிர்க்கடையிலயும் தொட்டுப் பாருங்க சேர். அது இன்னும் நல்லாருக்கும்."

மனேஜர் போனார். ஓடரும் கூடவே போனது. அண்ணி உள்ளே பாத்திரம் உருட்டிய சத்தம் பொகவந்தலாவை வரை கேட்டிருக்கும். அன்று அண்ணன் வாயில் ஜமேக்கா வரவேயில்லை. சிரித்த கம்பனிக்காரர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயந்தரம் செல்வமணி வந்து நின்றாள்.

"அண்ணே, அத்தனை போத்தல் நான் ஒத்தையாளா காய்ச்ச ஏலாது. பாதி நீங்க காய்ச்சுங்க. அண்ணி, நீங்கதான் பதம் பாக்கணும். அண்ணன் கைக்கு உப்பு நிதானம் தெரியாது."

"அப்புடிச் சொல்லு!" என்று அண்ணி சிரித்தே விட்டார்.

இரண்டு கடையிலும் அடுப்பு எரிந்தது. காய் போதாமல், லயத்து வாசல்களில் சட்டிகள் வரிசை கட்டின. இப்போது மூன்றாவதாக ஒரு பெண் பழகிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் அவளுக்கு இடம் தேடுகிறார். "நீங்களாவது சொல்லுங்க தம்பி" என்று அண்ணி என்னிடம் முறையிட்டார்.

எனக்கு அந்தக் காரம் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் நோர்வூட் போனால், இரண்டு கடையிலும் ஒவ்வொரு போத்தல் வாங்காமல் நான் பஸ் ஏறியதில்லை.