இமெல்டாவின் இருபத்துநாலு போத்தல்கள்

குளிர் அறையில் தொங்கிய வெப்பமானி இருபத்துநாலைக் காட்டியது. பத்திநாதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். அதே இருபத்துநாலுதான்.

"நகுலேஸ், இது குளிர் அறையோ, அடுப்பெரியிற குசினியோ?"

"ஜூலை மாசம் அண்ணை. மொன்ட்ரியால் முழுக்க இப்பிடித்தான் அவியுது," என்றார் நகுலேஸ்வரன். இரண்டு தெரு தள்ளி இருப்பவர். இருபது வருடம் ஃபிரிட்ஜ் திருத்தி ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகும் பொக்கற்றில் திருப்புளி இல்லாமல் வெளிக்கிடமாட்டார்.

நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோர் பகுதியில், அந்த வீட்டைக் கட்டியவர் ஓர் இத்தாலியர். முன்படிக்கட்டின் கீழே, நிலவறையோடு சேர்த்து, வைன் வைப்பதற்கென்றே சன்னல் இல்லாத ஒரு சின்ன அறையையும் கட்டிவிட்டுப் போயிருந்தார். வீட்டை வாங்கிய புதிதில் பத்திநாதர் அதில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார். இப்போது அங்கே இருபத்துநாலு போத்தல்கள் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மனைவி இமெல்டாவின் கையெழுத்தில் ஒரு சிட்டை: 'றொஷினியின் கலியாணத்துக்கு'.

இமெல்டா கண்மூடி மூன்று வருடம். மகள் றொஷினியின் கலியாணத்துக்கு இன்னும் ஆறு நாள்.

அந்தப் போத்தல்கள் நிரம்பிய இலையுதிர் காலம் அவருக்கு நல்ல ஞாபகம். சந்தையிலிருந்து ஐந்து பெட்டி கறுத்த முந்திரிகைப்பழம், திராட்சைதான், வந்தது. பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவியும் இமெல்டாவும், ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு விளங்காமலே, நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துப் பிழிந்தார்கள். பத்திநாதருக்கு அப்போது தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் ஊதா நிற விரல்களோடு இமெல்டா சோறு போட்டுத் தருவாள். "கையைக் கழுவன்," என்பார். "கழுவினாலும் போகுதில்லையப்பா," என்பாள்.

"வைனுக்குப் பதின்மூண்டு பாகை வேணுமாம். யூடியூப்பிலை ஒரு பிரெஞ்சுக்காரன் சொன்னவன்," என்றார் பத்திநாதர். "இந்த வெக்கையிலை கிடந்தால் கெட்டுப்போமாம். மண்டபத்திலை இருநூறு சனத்துக்கும் ஆளுக்கொரு மிடறு அவளின்ரை வைன் ஊத்தவேணும், நகுலேஸ். தாய் இல்லாத கலியாணம். அவளின்ரை வைனாவது இருக்கட்டும்."

"ஒண்டைத் திறந்து ருசி பாத்தனீங்களோ?"

"நான் மடு மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்டவன். மறந்திட்டீரோ?"

"அப்ப றொஷினி பாக்கலாமே?"

"இமெல்டா தன்ரை கையாலை அடைச்ச தக்கை. கலியாணத்துக்கெண்டு எழுதியிருக்கு. கலியாணத்திலைதான் திறக்கிறது."

இருவரும் உடனே வேலையைத் தொடங்கினார்கள். பத்திநாதரின் படுக்கையறைச் சன்னலிலிருந்து ஏசியைக் கழற்றினார்கள். குளிர் அறைக் கதவில் நகுலேஸ்வரன் சதுரமாக ஓட்டை வெட்டி அதைச் செருகினார். முன்பக்கம் போத்தல்களைப் பார்க்க, பின்பக்கம் நிலவறையைப் பார்க்க, ஏசி உறுமத் தொடங்கியது.

மூன்று மணித்தியாலத்தில் குளிர் அறை பதினெட்டுக்கு இறங்கியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஏசி முன்னால் குளிரை ஊதினால் பின்னால் வெக்கையைக் கக்கும் என்பது, இருபது வருடம் ஃபிரிட்ஜ் திருத்திய மனிதருக்கு அந்தச் சந்தோசத்தில் மறந்துபோயிற்று. நிலவறை முப்பத்தாறுக்கு ஏறியது.

வேலையால் வந்த றொஷினி நிலவறைக்கு இறங்கி, அங்கிருந்த பெரிய ஃபிரீசரைத் திறந்தவள் திறந்தபடி நின்றாள்.

"அப்பா! றோல்ஸ் எல்லாம் வேர்க்குது!"

கலியாணத்துக்கென்று மாமிமார் கூடி இறைச்சி வைத்து உருட்டிய அறுநூறு றோல்ஸும் அன்றைக்கே மூன்று வீட்டு ஃபிரீசர்களுக்கு அகதியாகப் போயின.

அடுத்த நாள் வேறு கரைச்சல். பதினாறு பாகை வந்ததும் ஏசி தானாக நின்றுவிட்டது.

"அதை ஏமாத்தவேணும் அண்ணை," என்றார் நகுலேஸ்வரன். "வெக்கை பாக்கிற கம்பிக்குப் பக்கத்திலை ஒரு சின்ன பல்பைக் கட்டிவிட்டால், இன்னும் சூடெண்டு நினைச்சு நிக்காமல் ஓடும்."

ஏசி நிற்காமல்தான் ஓடியது. விடிய வந்து பார்த்தால் அதன் முகம் முழுக்க ஐஸ் பிடித்திருந்தது. மொன்ட்ரியால் குளிரில் முப்பது வருடம் ஐஸ் சுரண்டிய பத்திநாதர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஜூலை மாதத்தில் ஐஸ் சுரண்டினார். மத்தியானம் மிச்ச ஐஸ் உருகிப் போத்தல்களின் மேல் ஒழுகியது.

சிட்டைகள் நனைந்தன. இமெல்டாவின் 'றொ' கரைந்து 'ஷி'யின் மேல் ஓடியது.

பத்திநாதருக்கு வைன் மறந்துபோயிற்று. பழசெல்லாம் எறிகிற வீட்டில் அவளுடைய கையெழுத்தென்று மிஞ்சியது அந்த இருபத்துநாலு சிட்டைகள்தான். ஓடிப்போய் மகளின் தலைமயிர் காயவைக்கிற கருவியை எடுத்துவந்து, ஆகக் கூடிய சூட்டில் போட்டு, ஒவ்வொரு போத்தலாக மடியில் வைத்துக் காயவைத்தார்.

"அண்ணை, ஒரு வயரிலை இவ்வளவும் தாங்காது..." என்று நகுலேஸ்வரன் சொல்லி முடிக்கவில்லை.

'டப்!'

நிலவறை இருண்டது. மேலே பிரேக்கர் பெட்டியில் கருகிய மணம். றொஷினி எட்டு எலக்ட்ரீசியன்களுக்குப் போன் அடித்துப் பார்த்தாள். கியூபெக் முழுக்கக் கட்டட வேலைக்காரர் எல்லாருக்கும் ஒரேயடியாக இரண்டு கிழமை கோடை விடுமுறை. எட்டுப் பேரும் குளக்கரைகளில் கூடாரம் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை குளிர் அறை முப்பத்தொன்று.

பத்திநாதர் நிலவறைப் படியில் குந்தியிருந்தார். றொஷினி வந்து பக்கத்தில் இருந்தாள்.

"அம்மாவின்ரை வைனை நான் கெடுத்துப்போட்டன், பிள்ளை."

"பறுவாயில்லையப்பா."

"உன்ரை கலியாணத்துக்கு அவ குடுத்தது அது ஒண்டுதான். அதைக்கூட என்னாலை காப்பாத்த ஏலாமல் போச்சு."

றொஷினி காய்ந்த சிட்டைகளில் ஒன்பதை மெதுவாக உரித்தெடுத்தாள். வாசிக்கக்கூடியவை அவ்வளவுதான். "எனக்கு இது போதும்," என்று சொன்னவள், அழக்கூடாது என்று நினைத்தும் அழுதாள். அவரும் அழுதார். மேலே நின்ற நகுலேஸ்வரன் திருப்புளியைப் பொக்கற்றுக்குள் ஒளித்துக்கொண்டார்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை, ரொறன்ரோவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார் பிலோமினம்மா. எழுபத்தைந்து வயது. இமெல்டாவின் பழைய சிநேகிதி. கோவில் கலியாணங்களுக்குச் சமைத்தே பேர் எடுத்தவர்; இந்தக் கலியாணச் சமையலும் அவருடையதுதான். தேத்தண்ணிகூடக் குடிக்காமல், வெறும் வாளி இரண்டைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார்.

"இமெல்டா வைச்ச போத்திலெல்லாம் எங்கை?"

"பரிமாறப் போறீங்களோ?" பத்திநாதர் குறுக்கே வந்து நின்றார். "வேண்டாம் பிலோமினம்மா. வெக்கை பட்டு வைன் முழுக்கக் கெட்டுப்போச்சு. எல்லாம் என்ரை பிழை."

கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு போத்தலை எடுத்துத் தக்கையைப் பிடுங்கினார். மோந்தார். ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். பத்திநாதர் தீர்ப்புக்கு நிற்பவர்போல் நின்றார்.

"ஆர் சொன்னது வைனெண்டு? 'ஊர்ப் புளிப்பு இல்லாட்டி என்ரை மனிசன் பண்டி இறைச்சிக்கறி தொடாது' எண்டு சொல்லி, கலியாணச் சமையலுக்காக இமெல்டா போட்டு வைச்ச புளிக்காடி, வினாகிரியடா தம்பி இது. வெக்கை பட்டுப் பட்டு இன்னும் திறமா வந்திருக்கு!"