ஊதாப்பூவும் சலித்த மண்ணும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நான், கூரை, சுவர் எல்லாம் நலம். அங்கே நீங்கள், மகள், உங்கள் வீட்டு சோபாவில் பூந்தொட்டியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் உங்கள் மாமியார் ஆகிய எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே என்பீர்கள். என் குரல் கேட்டதும் அவள் வெடுக்கென்று வைத்துவிடுகிறாள். காகிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா? கரணை பிடித்த கொத்தனார் கைக்கு எழுத்து வராது என்று உங்களுக்கே தெரியும். எழுதித் தருவது மாடிவீட்டுத் தையல்காரம்மா. அவரும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார், காரணம் பின்னால் வரும்.

மாப்பிள்ளை, உங்களைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. ஆனாலும் ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். கல்யாணமான புதிதில் பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் வந்தீர்கள், இடது கையில் பொத்தான் போய் ஊக்கு குத்தியிருந்தீர்கள். கையில் ஒரு ஊதாப்பூச் செடி. "ரோட்டோரம் பூராவும் கிடக்கு மாமா, என்னா அழகு பாருங்க! தண்ணிகூட வேண்டாம், தானா வளரும்" என்றீர்கள். அந்தத் 'தானா வளரும்' என்னும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். உங்கள் மாமியார் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எங்கேயோ இருந்து வந்த சரக்கு. நம்ம வெள்ளைப்பூகிட்ட வெக்காதீங்க" என்றாள். மாப்பிள்ளை கொடுத்ததை மூலையில் வைப்பதா என்று கொல்லையில் நட்டநடுவே நட்டேன்.

வெள்ளைப்பூ உங்கள் கண்ணில் பட்டிருக்காது. பட்டிருந்தால் அன்றைக்கு அதன்மேல் சைக்கிளைச் சாய்த்திருக்க மாட்டீர்கள். யாரும் நட்டதில்லை, இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே கொல்லையில் இருந்தது. மிளகளவு பூ. ஒரு சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி அதில் மட்டும்தான் முட்டை வைக்கும். காலையில் டீயோடு கொல்லைப்படியில் உட்கார்ந்து உங்கள் மாமியார் அதைத்தான் பார்ப்பாள். நான் வாயைத் திறந்தால் "உஷ், பூச்சி ஓடிடும்" என்பாள். அந்தப் பூச்சிக்குக் கிடைத்த மரியாதை எனக்கு இந்த வீட்டில் கிடைத்ததில்லை.

உங்கள் ஊதா முதல் மழைக்குக் கை நீட்டியது, அடுத்த மழைக்குக் கால் நீட்டியது, அப்புறம் படுத்தே விட்டது. வெள்ளைக்கு வெயில் போச்சு, ஈரம் போச்சு. தேனீயெல்லாம் ஊதாவையே மொய்த்தன, வெள்ளையை ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. தேனீ வராத பூ விதை பிடிக்குமா? வெள்ளை குறைந்தது, வண்ணத்துப்பூச்சி குறைந்தது, உங்கள் மாமியார் என்னோடு பேசுவதும் குறைந்தது.

"வேரை முழுசா உருவி வெயில்ல காயப் போடுங்க, மண்ணைக் கொத்தாதீங்க" என்றாள். நான் கேட்பேனா? மண்ணில் கசடு இருந்தால் கொத்தனார் என்ன செய்வான்? சலிப்பான். கொத்தோ கொத்தென்று கொத்திச் சல்லடையில் சலித்தேன். பெரிய வேர் மேலே நின்றது, சின்னத் துண்டெல்லாம் கீழே போனது. மாவு மாதிரி மண், மாப்பிள்ளை! தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. பெருமை தாங்காமல், பூந்தொட்டிக்குப் போட்டுக்குங்க என்று வீடு வீடாகக் கொடுத்தேன். தையல்காரம்மாவுக்கு மட்டும் இரண்டு வாளி. (மூன்று வாளி என்று திருத்துகிறார்.) மழை பெய்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாக எழுந்தது. தெரு முழுக்க ஊதா. தையல்காரம்மாவின் ரோஜா அதற்குள் போனது, இன்னும் வெளியே வரவில்லை. நாற்றுக்கடைக்காரரிடம் போய் நின்றேன். "ஒரு விரற்கணு வேர் போதும் பெரியவரே. நீங்க சலிக்கல, நாத்து விட்டிருக்கீங்க" என்று சிரித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொல்லை முழுக்க சிமெண்டுத் தளம் போட்டேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது, அப்படித் தளம்! வெள்ளைப்பூவும் அடியில் போய்விட்டது என்பது கரணையைக் கழுவும்போதுதான் உறைத்தது. நல்லவேளை, வாடிக்கிடந்த ஒரு வெள்ளைப்பூச் செடியை அவள் முன்பே தொட்டிக்கு மாற்றியிருந்தாள். வந்தாள். தளத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நல்லா வழவழன்னு இருக்கு. இதுலயே படுத்துக்குங்க" என்று சொல்லித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது நல்ல செய்தி. ஊதா என் தளத்தையே பிளந்துகொண்டு வந்தது. நான் போட்டதை நானே சுத்தியலால் உடைத்தேன். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, திட்டு வாங்கிக்கொண்டே, அவள் சொன்ன மாதிரி முழு வேராக உருவித் தகரத்தின்மேல் காயப்போட்டேன். தையல்காரம்மாவும் திட்டிக்கொண்டே கூட உருவினார். உடைத்த இடத்தில், மாப்பிள்ளை, வெள்ளைப்பூ முளைத்திருக்கிறது! பழைய விதை அடியிலேயே காத்துக் கிடந்திருக்கிறது. நேற்று அந்தப் பழுப்புப் பூச்சி வந்தது. நான் பேசவே இல்லை. எனக்கு நானே "உஷ்" சொல்லிக்கொண்டேன்.

ஆகவே அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஊதா வேரில் ஒரு துண்டுகூட இந்தக் குடும்பத்தில் இனி இல்லை, இது சத்தியம். காலையில் ஒரு டம்ளர் மட்டும் கழுவ வேண்டியிருக்கிறது, சட்டென்று முடிந்துவிடுகிறது, நன்றாகவே இல்லை. அவளை அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடுங்கள்.

மகளும் நீங்களும் குறைவில்லாமல் வாழ மனசார வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: மடித்து ஒட்டப்போகும் நேரத்தில் தையல்காரம்மா, "அந்தத் தொட்டிக்கு மண்ணு யாரு போட்டது?" என்று கேட்கிறார். நான்தான் போட்டேன். சலித்த மண். மேலே செய்த சத்தியத்தை அடித்துவிடுங்கள். அவளை அனுப்பவும் வேண்டாம், நானே புறப்பட்டு வருகிறேன், சல்லடையை இங்கேயே விட்டுவிட்டு. அதற்குள் தொட்டியில் ஊதாவாக ஏதாவது எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், 'என்னா அழகு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.